வாயில் வராத ழி

எழிலுக்கு,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். முதல் பக்கம் முடிவதற்குள் உன் டீ ஆறிவிடும். "வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கலாமேம்மா" என்று அலுத்துக்கொள்வாய். போட்டிருக்கலாம். ஆனால் சொல்ல வந்த விஷயம் எழுத்தைப் பற்றியது. அதிலும் நம் வீட்டில் யார் வாயிலும் ஒழுங்காக வராத ஒரு எழுத்தைப் பற்றியது. அதனால் பொறுமையாகப் படி. வராத இடத்தில் மிருண்மயியைக் கேட்காதே, அவளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகுர்டி அத்தைக்குப் போன் போடு.

நேற்று சாயங்காலம் சாகணிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது பேசினாய் அல்லவா, அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "சோடு நாம்மா, விட்டுடு, கல்யாண வெப் பக்கத்துல மராட்டியும் வேணாம், தமிழும் வேணாம். ரெண்டையும் தூக்கிட்டு இங்கிலீஷ்லயே போட்டுடறேன். அதுலயும் Ezhil-னு போட்டா எவனுக்கும் வாயில நுழையல. Ejil-னே போட்டுடறேன், கம்பெனியில எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். அந்தச் சரி சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் அர்த்தம். உன் அப்பாவோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நீயும் சீக்கிரம் தெரிந்துகொள்வாய், மிருண்மயி "டீக் ஆஹே" என்று சரி சொல்லும்போது முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பேசு.

நடந்ததை முதலிலிருந்து பார்ப்போம். உங்கள் கல்யாணத்துக்கு ஒரு வலைப்பக்கம் போட்டாய். எங்கேயோ ரெடிமேடாகக் கிடைத்த பக்கம், பெயரும் தேதியும் மண்டபமும் போட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். திறந்ததும் மேலேயிருந்து உங்கள் பெயர்கள் ஒவ்வொரு எழுத்தாக விழுந்து வரிசையில் நிற்கும். ஆங்கிலத்தில் அழகாகத்தான் விழுந்தது. கீழே மராத்தியில் ஒரு வரி, அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி போட்டாய், இரண்டு வீட்டுக்கும் மரியாதை என்று. அதுவும் நல்ல எண்ணம்தான். அந்த இரண்டு வரியும் விழுந்தன, ஆனால் விழுந்த இடத்தில் உடைந்து கிடந்தன. எ வந்தது, ழ வந்தது, அப்புறம் புள்ளிப்புள்ளியாய் ஒரு வட்டமும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கொக்கியும் வந்தது. ல வந்தது, அப்புறம் இன்னொரு வட்டத்தின் தலையில் ஒரு புள்ளி. மிருண்மயியின் பெயரில் கொக்கியும் சுழியும் அதிகம், அதனால் வட்டமும் அதிகம். நீ உன் போனில் ஆங்கில வரியை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டாய்.

அரை மணி நேரத்தில் அவளுடைய அப்பா எனக்குப் போன் செய்தார். மரியாதையான மனிதர், நேராகக் கேட்கத் தயங்கினார். "தாயி, நாவாத் ஹே கோல் கோல் காய் ஆஹே?" என்றார். பெயருக்குள் இந்த வட்டம் வட்டமாக என்ன என்று கேட்கிறார். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயர் உடைந்து கிடந்தால் எந்த அப்பாவுக்குத்தான் மனசு கேட்கும். அவர் வைத்ததும் ஆகுர்டி அத்தை. உன் அப்பாவின் தங்கையாயிற்றே, அவளுக்குத் தயக்கம் எல்லாம் பழக்கமில்லை. "என்னா அண்ணி இது, புள்ள பேர்ல செல்லரிச்ச மாரி ஓட்ட ஓட்டயா கீது? நல்ல காரியத்துல இப்படியா அனுப்புவான்?" என்று சத்தம் போட்டாள். இரண்டு பேரும் உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ எழுத்துருவை மாற்றிப் பார்த்தாய். இன்னொன்றைப் போட்டாய். இன்னும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினாய் என்று மிருண்மயி சொன்னாள். வட்டங்களின் வடிவம் மாறியதே தவிர, வட்டம் போகவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் "டைப்பிங்" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். பரவாயில்லை, டைப்பிங்கில்தான் ஆரம்பித்தேன். நீ சாகணில் என்ன செய்கிறாய் என்று கேட்டால் நானும் "கார் கம்பெனி" என்றுதான் சொல்கிறேன், கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் விவரம் வேண்டும். பழைய அகராதிகளையும் சமஸ்கிருதப் புத்தகங்களையும் வலைப்பக்கமாக மாற்றித் தருகிற ஆபீஸ் எங்களுடையது. அதில் ஆங்கில எழுத்துகளுக்கு மேலே கோடு, கீழே புள்ளி, பக்கத்தில் வால் என்று ஏகப்பட்ட குறிகள் வரும். ஒரு போனில் சரியாகத் தெரிகிற கோடு இன்னொரு போனில் நகர்ந்துபோய் அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்துவிடும், ஒருவர் தொப்பியைப் பக்கத்து ஆள் மாட்டிக்கொண்டது போல. எந்தக் குறி எங்கே நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடித்து அதை அதன் எழுத்தோடு சேர்த்து வைப்பதுதான் நான் இத்தனை வருடமாகச் செய்கிற வேலை. பெரிய வேலை என்று சொல்ல மாட்டேன். கண் கெட்டுப்போகும், பொறுமை வந்துவிடும்.

அதனால் உன் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உன் பெயர் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்குள் அது ஐந்து சாமான். எ தனி, ழ தனி, கொக்கி தனி, ல தனி, அதன் மேல் புள்ளி தனி. கொக்கிக்கும் புள்ளிக்கும் தனியாக நிற்க வராது. முன்னால் ஒரு எழுத்து நின்றால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நீ போட்ட பக்கம் ஆங்கிலத்துக்கென்று செய்தது. அதற்கு எல்லாச் சாமானும் ஒன்றுதான், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு மேலேயிருந்து தள்ளிவிட்டது. கொக்கி தனிப் பெட்டியில் வந்து விழுந்ததும், அது யாரைப் பிடித்துக்கொள்ளும்? அப்போது அந்தப் புள்ளி வட்டம் வருகிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான் இது. இங்கே ஒருவர் வர வேண்டும், இன்னும் வரவில்லை என்று அர்த்தம். செல்லும் இல்லை, சாபமும் இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். "எதுவா இருந்தா என்னா, பாக்க நல்லால்ல" என்றாள். அதுவும் சரிதான்.

எழுத்துருவில் கோளாறே இல்லை, எழில். வெட்டின இடத்தில்தான் கோளாறு. நம் வீட்டு மிக்ஸி ஓடாவிட்டால் உன் அப்பா முதலில் சுவிட்ச் போர்டைக் கழற்றுவார். பிறகு வயரை மாற்றுவார். எல்லாம் முடிந்து, சட்னி இல்லாமல் இட்லி தின்ற பிறகுதான், ஜார் சரியாகப் பொருந்தவில்லை என்று தெரியவரும். நீ அவர் பிள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இனிமேல் வீட்டில் ஏதாவது முறுக்கிக்கொண்டால், புதிதாக ஒன்றை வாங்கிப் போடுவதற்கு முன்னால் எங்கே பொருத்தம் விட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார். நான் மிக்ஸியை மட்டும் சொல்லவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தமிழ் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டாய். உண்மைதான். வருகிற கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அத்தையும் இன்னும் சில பேரும்தான். மொழிக்காக மல்லுக்கு நிற்கிற ஆள் நான் இல்லை. போபோடியில் பிறந்து மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், சண்டை வந்தால் இந்தியில்தான் எனக்கு வாய் நீளும். ஆபீஸுக்கு ஒரு தமிழ் அகராதி வேலை வந்தபோது, "நீ மதராஸிதானே" என்று என் மேஜையில் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகுதான் நானே அரிச்சுவடி பிடித்தேன். உனக்கு ராஜேஷ் என்று பெயர் வைக்கலாம் என்று சொன்னவளும் நான்தான். ராஜேஷ் எந்த ஊரிலும் செல்லும், எந்த எழுத்திலும் உடையாது. உன் அப்பா கேட்கவில்லை.

அவர் எங்கே பிடித்தாரோ அந்தப் பெயரை, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் "நல்லா கீதில்ல?" என்பார். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், பெட்டிகளுக்குப் பெயின்ட்டில் எண் எழுதுகிற பிரிவு. அவருக்கு வாழைப்பழம் வாயப்பயம்தான், மழை மயைதான். ஆஸ்பத்திரியில் நீ பிறந்த அன்று நர்ஸ் பிள்ளையின் பெயரைக் கேட்டாள். "எயிலு" என்றார். அவள் அப்படியே எழுதினாள். "அப்படி இல்ல சிஸ்டர்" என்று மறுபடி சொன்னார், மறுபடியும் எயிலுதான் வந்தது. அவள் மறுபடியும் அதையே எழுதினாள். கடைசியில் பேனாவை வாங்கித் தமிழில் எழுதிக் காட்டினார். "ஹே மலா கஸ வாச்தா யேயில்?" என்று அவள் சிரித்தாள், இதை நான் எப்படிப் படிப்பேன் என்று. நான் படுக்கையில் இருந்தபடியே சொன்னேன், மனைவி சொன்னதைக் கேட்டு ராஜேஷ் என்று வைத்திருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று. நர்ஸ் ஒரு வழியாக ளகரம் போட்டு ஏதோ எழுதி முடித்தாள்.

அதன் பிறகு உன் பெயர் பட்ட பாடு உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைப் பார்த்து ஏஜில் ஆக்கினார்கள். சந்தில் பையன்கள் "ஏ ஜில்!" என்று கூப்பிட்டுக்கொண்டு சைக்கிளில் ஓடுவார்கள். வீட்டில் உன் வாயிலும் எயிலு, என் வாயிலும் எயிலு, அத்தை வாயிலும் எயிலு. யோசித்துப் பார்த்தால் உன் பெயரை உன் பெயராகச் சொன்னவர் நம் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் உன் அப்பா அதை எழுதினார். டிபன் பாக்ஸில் எழுதினார், ரெயின்கோட்டின் உள்பக்கம் எழுதினார், கிரிக்கெட் மட்டையில் எழுதினார், தண்ணீர் டிரம்மில்கூட எழுதினார். தொழிற்சாலைக் கை, நடுங்காத கை. ழ-வின் வாலை வளைத்து, அதன் தோளிலிருந்து கொக்கியை ஒரே இழுப்பில் எடுப்பார். நீ மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்த கோபத்தில் அவரிடம் கேட்டாய், "உங்களுக்கே சொல்ல வரல, அப்புறம் ஏன் இந்தப் பேரு வச்சீங்க?" என்று. நான் சமையலறையில் இருந்தேன், அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அவசரமே இல்லாமல், "வாயில வராட்டி என்னாடா? கையில வருதில்ல" என்றார். நீ அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் விளையாடப் போய்விட்டாய்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. டிரம் ஓட்டையாகி எடைக்குப் போட்டோம். ரெயின்கோட் எப்போதோ போனது. உன் பெயரைச் சரியாகச் சொல்ல அந்த மனிதருக்கு இருந்த ஒரே வழி எழுதுவதுதான். அதனால்தான் அந்த வரியைத் தூக்கிவிடுகிறேன் என்று நீ சொன்னபோது என்னால் முழுச் சரி சொல்ல முடியவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி அழுது எழுத எனக்கு இஷ்டமில்லை, உனக்கும் படிக்கக் கஷ்டம்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் கடிதம் முடிப்பது வழக்கமில்லையாம், அத்தை சொன்னாள். கணவனும் மனைவியும் எழுத்தும் கொக்கியும் போல என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். யார் எழுத்து, யார் கொக்கி என்று நீங்கள் சண்டை போடுவீர்கள், வேண்டாம். என் வேலையிலிருந்தே வேறு ஒன்று சொல்கிறேன். கொ என்ற எழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக அடிப்பது ஒரு விதம், இரண்டையும் தனித்தனியாக அடிப்பது இன்னொரு விதம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், உன் அப்பா வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு விதமாக அடித்த வார்த்தையை இன்னொரு விதமாக அடித்துத் தேடினால், "அப்படி எதுவும் இல்லை" என்று கம்ப்யூட்டர் சாதிக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். உன் அப்பாவும் நானும் பாதிச் சண்டை இப்படித்தான் போட்டோம். "ஞாயித்துக்கெழம எங்கயும் போவேணாம்" என்று அவர் சொல்வார், வீட்டில் சேர்ந்து இருக்கலாம் என்ற அர்த்தத்தில். "என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போனா என்ன" என்று நான் கேட்பேன், நானும் சேர்ந்து இருக்கலாம் என்றுதான் கேட்டேன். இரண்டு பேருமே ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டோம். மிருண்மயி மராத்தியில் கோபப்பட்டு நீ இந்தியில் பதில் சொல்லும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட வந்தீர்கள். நீ பால்கனியில் நின்று சாப்பாட்டுக் கான்ட்ராக்டரோடு பொங்கலா, அவல் போஹாவா என்று பேசிக்கொண்டிருந்தாய். அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். "காகு, ஹே நீட் கஸ கராய்ச்ச?" என்றாள், இதை எப்படிச் சரிசெய்வது அத்தை என்று. நான் வெட்டுகிற இடத்தைக் காட்டினேன். எழுத்து எழுத்தாக வெட்டாமல், பெயரையே ஒரே துண்டாக விழச் சொல்லிவிட்டோம், ஒரு வரிதான் மாற்றம். மேலேயிருந்து எழில் முழுசாக வந்து இறங்கியது, பக்கத்தில் மிருண்மயி முழுசாக வந்து இறங்கினாள். வட்டமெல்லாம் போய்விட்டது. அவளுடைய அப்பாவின் பழைய போனுக்கு அனுப்பிப் பார்த்தோம், அங்கேயும் சரி.

அதோடு அவள் விடவில்லை. மராத்தி வரியில் உன் பெயருக்கு நர்ஸ் போட்ட அதே ளகரம்தான் இருந்தது. அவள் அதன் கீழே ஒரு புள்ளி வைத்தாள். ளகரத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் அது தமிழ் ழகரம், அப்படி ஒரு எழுத்து அவர்கள் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. மராத்திக்காரர்களுக்கு அது தேவைப்படுவதில்லை, பாதிப் பேருக்குத் தெரியவும் தெரியாது. அவள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். "ஹே பரோபர் ஆஹே கா?" என்று என்னைக் கேட்டாள். சரிதான் என்றேன். அப்போது அவள் நாக்கை மடித்து ஏதோ தயார் செய்துகொண்டு, பால்கனிப் பக்கம் திரும்பி உன்னைக் கூப்பிட்டாள்.

"எழில்!"

ஆபீஸ் அகராதியில் அந்த எழுத்துக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதே ழ. ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது வீடியோ பார்த்துப் பழகினாளாம். "ஜீப் துக்தே, காகு" என்று நாக்கு வலிப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

நீ திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள், அதே மாதிரி சரியாக. நீ போஹாவிலேயே இருந்தாய். கடைசியில் நான் "எயிலு!" என்று கத்தினேன், "என்னாம்மா?" என்று உடனே வந்தாய். ரெண்டு தடவ கூப்பிட்டாளே என்று கேட்டேன். "யாரையோ கூப்பிடறான்னு நெனச்சேன்" என்றாய். அவள் முகம் கொஞ்சம் வாடியது, பிறகு "டீக் ஆஹே" என்றாள். அந்த டீக் ஆஹேவைத்தான் முதலிலேயே சொன்னேன். பக்கத்தைச் சரிசெய்ததை அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றேன். உன் பெயராயிற்றே, நீயே பார்த்துச் சொன்ன பிறகு போடலாம் என்று அவள் வைத்திருக்கிறாள். சாப்பாட்டு டென்ஷன் தீரட்டும் என்று காத்திருந்தாள், அதற்குள் நீ எனக்குப் போன் செய்து Ejil என்றாய்.

சரிசெய்த அந்தப் பக்கம் அவளிடம்தான் இருக்கிறது. போடுவதும் விடுவதும் உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். பொங்கலோ போஹாவோ, அதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் செய். இனி யாராவது எழில் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார். உன்னைத்தான் கூப்பிடுகிறாள்.

அம்மா